சிட்னியில் வெயிலுக்குக் குறைவில்லை, பிறகு ஏன் இந்தச் சோர்வு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக மேற்கு சிட்னியில் இருக்கிறேன். புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு தேடவும், விண்ணப்பம் நிரப்பவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் கூடமாட உதவுவது வழக்கம். வேலையெல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர்கள் கேட்பவை திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான். அவற்றை, கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை மாற்றாமல், இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டிய இடம் எது என்பதையும் கடைசிப் பகுதியில் எழுதியிருக்கிறேன்.

இவ்வளவு அழகான ஊரில் இருந்துகொண்டு மனம் சரியில்லை என்று சொன்னால், அது நன்றிகெட்டதனம் ஆகாதா?

ஆகாது. இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்ற எந்தக் கேள்வியையும் கேட்கவிடாமல் வாயை அடைப்பது இதுதான். குளிர் நாட்டில் இருப்பவர் சோர்ந்துபோனால் பனியையும் இருட்டையும் கைகாட்டுகிறார், கேட்பவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். சிட்னியில் இருப்பவருக்குக் கைகாட்ட எதுவும் இல்லை. வானம் நீலமாக இருக்கிறது, குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது, பிள்ளைகள் பத்திரமாகப் பள்ளிக்குப் போய் வருகிறார்கள். ஆகவே குறை தன்னிடம்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்.

நீங்கள் தனியாக இல்லை. உலக மகிழ்ச்சிப் பட்டியலில் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கும் நாடு இது. இதே நாட்டில் புள்ளியியல் துறை 2020-22இல் நடத்திய ஆய்வில், 16 முதல் 85 வயது வரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் அதிகமானோர் அதற்கு முந்தைய 12 மாதங்களில் மனநலப் பாதிப்புக்கு ஆளாகியிருந்தார்கள். இரண்டும் ஒரே நாட்டைப் பற்றிய செய்திகள்தான்.

வெயில் இருந்தால் மனம் தெளிவாக இருக்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள். மாதக்கணக்கில் இருட்டும் பனியுமாக இருக்கும் இடங்களில் ஒளி குறைவதால் சிலருக்கு மனச்சோர்வு வருவது உண்மை. ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, வெயில் இருக்கும் இடத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கானமன் பின்னர், 2002இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். வெயிலுக்குப் பேர்போன கலிபோர்னியாவிலும், குளிர் மிகுந்த மத்திய மேற்கு மாநிலங்களிலும் ஏறத்தாழ 2,000 மாணவர்களிடம் அவர்கள் கேள்வி கேட்டார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றிய மனநிறைவில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ‘உங்களைப் போன்ற ஒருவர் மற்ற இடத்தில் இருந்தால் எப்படி இருப்பார்’ என்று கேட்டபோது, கலிபோர்னியாக்காரர்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார் என்று இரு தரப்பும் சொன்னது.

இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் வேறுபாட்டைத்தான் நாம் எடைபோடுகிறோம். அங்கே போய் வாழத் தொடங்கியதும் வானிலை பின்னால் போய்விடுகிறது. வேலை, வீடு, உறவு, உடல்நலம், தூக்கம் ஆகியவைதான் நம் நாட்களை நிரப்புகின்றன. கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் இந்த ஆய்வைத்தான் சுற்றி வருகின்றன.

நான் படங்களில் பார்த்த சிட்னி வேறு, குடியிருக்கும் சிட்னி வேறாக இருக்கிறதே?

படங்களில் பார்த்தது துறைமுகத்தை ஒட்டிய சில கிலோமீட்டர். 1932இல் திறந்த பாலம், 1973இல் திறந்த ஓப்பரா மாளிகை, பாண்டை கடற்கரை. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் அந்தக் காட்சியைத் தினமும் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. நம்மவர்கள் அதிகம் இருக்கும் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், துங்காபி போன்ற இடங்களிலிருந்து பாண்டைக்கு ரயில், இன்னொரு ரயில், அதன்பின் பஸ் என்று மாறிப் போவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும்.

வெயிலும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. கோடையில் கடற்கரைப் பக்கம் மதியத்துக்குமேல் கடற்காற்று வந்துவிடும்; மேற்கே அது வந்து சேர்வதற்குள் பலம் இழந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கங்களுக்கும் இடையே பத்து டிகிரி வேறுபாடு இருக்கும் நாட்கள் உண்டு. 2020 ஜனவரி 4 அன்று மேற்குப் புறநகரான பென்ரித்தில் 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. புதிதாக எழும்பும் புறநகர்களில் வீட்டுக்கு வீடு ஒட்டினாற்போல் கருநிறக் கூரை, வாசலில் இடுப்பளவு வளர்ந்த ஒரு மரக்கன்று. அந்த நிழலில் குழந்தையின் தள்ளுவண்டியைக்கூட நிறுத்த முடியாது. ஆகவே, ‘சிட்னி வெயில்’ என்று ஒருவர் சொன்னால் எந்தப் பக்கத்து வெயில் என்று கேளுங்கள்.

வெயில் ஊர் என்றார்கள்; மழையும் ஈரமுமாக இருக்கிறதே?

சிட்னியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைக்குப் பெயர்போன லண்டனில் பெய்வதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2022இல் 2,500 மில்லிமீட்டரைத் தாண்டி, பதிவு தொடங்கியதிலிருந்து மிக அதிக மழை பெய்த ஆண்டாக அமைந்தது. அந்த ஆண்டு வந்து இறங்கிய குடும்பங்களுக்குச் சிட்னி என்றாலே அலமாரிக்குப் பின்னால் படர்ந்த பூஞ்சைதான் நினைவுக்கு வரும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்குமுன், 2019 டிசம்பரில், காட்டுத்தீயின் புகையில் துறைமுகப் பாலமே மங்கிப்போனது.

குளிர்காலத்தைப் பற்றியும் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. வெளியே 15 டிகிரி என்பது பெரிய குளிர் இல்லை. ஆனால் பழைய வாடகை வீடுகள் பலவற்றில் சுவரிலும் கூரையிலும் வெப்பத் தடுப்பு கிடையாது, சன்னலில் ஒற்றைக் கண்ணாடிதான். கனடாவிலிருந்து வந்தவர்கள்கூட வீட்டுக்குள் இப்படிக் குளிர்ந்ததில்லை என்கிறார்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரைப் போடாமல் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு முழுப் பருவத்தைக் கழித்தால் மனம் சோராமல் என்ன செய்யும்?

இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. எங்களுக்குத்தான் குடும்பம் நடத்தத் தெரியவில்லையா?

உங்கள் கணக்கில் பிழை இல்லை. வீட்டு விலையில்தான் இருக்கிறது. சிட்னியில் தனி வீட்டின் நடுநிலை விலை 2015இல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. இன்று பதினைந்து லட்சத்தையும் தாண்டிவிட்டது. உலக நகரங்களில் வீட்டு விலையையும் குடும்ப வருமானத்தையும் ஒப்பிடும் டெமோகிராஃபியா அறிக்கைகளில் சிட்னி அண்மை ஆண்டுகளில் ஹாங்காங்குக்கு அடுத்த இடத்தில் நின்றிருக்கிறது. நடுத்தரக் குடும்பம் ஒன்றின் ஆண்டு வருமானத்தைப் போல் 13 மடங்குக்கு மேல். மூன்று மடங்குதான் கட்டுப்படியாகும் விலை என்பது அந்த அறிக்கையின் அளவுகோல்.

பதினைந்து லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றால் மூன்று லட்சம் டாலர். வாடகையும் கொடுத்துக்கொண்டு, ஊருக்கும் பணம் அனுப்பிக்கொண்டு, அதைச் சேர்ப்பதற்கு எத்தனை ஆண்டு ஆகும்? கடன் வாங்கி வீட்டைப் பிடித்தவர்களும் நிம்மதியாக இல்லை. 2022 மே முதல் 2023 நவம்பர் வரை மத்திய வங்கி 13 முறை வட்டியை ஏற்றியது, 0.10 விழுக்காட்டில் இருந்த விகிதம் 4.35 ஆனது. நல்ல சம்பளக்காரர்கள் என்று நான் அறிந்த குடும்பங்களில் அந்த ஆண்டுகளில் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு நின்றது, ஊருக்குப் போகும் டிக்கெட் தள்ளிப்போனது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாத சோர்வு இது. வருமானம் உண்டு, ஆனால் அது எதையும் வாங்கித் தருவதில்லை. ஊரில் இருப்பவர்களிடம் சம்பளத்தைச் சொன்னால் ரூபாயில் பெருக்கிப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். செலவை யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை.

வாடகை வீட்டில்தான் இருக்கிறோம், எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனாலும் எப்போதும் ஒரு பதற்றம். ஏன்?

சனிக்கிழமை காலையில் வீடு தேடிப் போனவர்களுக்கு இதன் விடை தெரியும். வீட்டைத் திறந்து வைப்பது பதினைந்து நிமிடம். வாசலில் முப்பது பேர் வரிசை. ஒருவர் சமையலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார், இன்னொருவர் அலமாரியை அளப்பார், முகவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு ஓட்டம். இரவில் உட்கார்ந்து சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, முந்தைய வாடகை விவரம், சான்று சொல்பவர்களின் பெயர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டு அனுப்ப வேண்டும். புதிதாக வந்தவரிடம் முந்தைய வாடகை விவரம் எங்கே இருக்கும்?

வீடு கிடைத்த பிறகும் பரிசோதனை உண்டு. இந்த மாநிலச் சட்டப்படி ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வீட்டுக்காரரோ முகவரோ ஆண்டுக்கு நான்கு முறை வரை வந்து பார்க்கலாம். பரிசோதனைக்கு முந்தைய இரவு நம் வீடுகளில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுப்புக்குப் பின்னால் ஓட்டில் தாளிப்பு தெறித்த மஞ்சள் கறையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மசாலா வாடை போகச் சன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தை கிறுக்கிய சுவரை ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும். சொந்த அடுப்பில் சமைத்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர்போல் ஒரு பெண் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது, இது எல்லோருக்கும் தெரிய வேண்டும். 2024 அக்டோபர் 31 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் வாடகையை ஏற்ற முடியாது. 2025 மே 19 முதல் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. காலி செய்யச் சொல்லும் கடிதம் வந்தால் உடனே பெட்டியைக் கட்டாதீர்கள். காரணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வாடகைதாரர்களுக்கு இலவச ஆலோசனை சொல்லும் சேவைகள் இருக்கின்றன.

கணவர் வேலைக்குப் போய் வரவே தினமும் மூன்று மணி நேரம் ஆகிறது. வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லை. அவருக்கு எங்கள்மேல் வெறுப்பா?

பெரும்பாலும் களைப்பு. மேலே சொன்ன வீட்டு விலையோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். கட்டுப்படியாகும் வீடு தொலைவில்தான் கிடைக்கிறது. வேலை பெரும்பாலும் கிழக்கே இருக்கிறது. மார்ஸ்டன் பார்க் போன்ற புதிய இடங்களில் ரயில் நிலையமே கிடையாது. வெஸ்ட்மீட்டிலிருந்து நகர மையத்துக்கு வர வேண்டிய மெட்ரோவுக்கு 2032 வரை காத்திருக்க வேண்டும் என்பது திட்டம். ஆகவே பலருக்குக் கார்தான். கார் என்றால் சுங்கச் சாலை. எம்4 நெடுஞ்சாலையில் 2017இல் மறுபடி கட்டணம் வந்தது. தனியார் வாகனத்துக்கு வாரம் 60 டாலருக்கு மேல் போனால் மிச்சத்தைத் திருப்பித் தரும் திட்டத்தை 2024 ஜனவரியில் அரசே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் சுமை எவ்வளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணி நேரப் பயணம் முதலில் தின்பது மாலைப் பொழுதை. பிள்ளைகளோடு உட்கார்வது, நடப்பது, நண்பருக்கு ஒரு போன் போடுவது எல்லாம் அதில்தான் இருந்தன. வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் மாறிய குடும்பங்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகும் பேச்சு திரும்பவில்லை என்றால், கீழே மருத்துவரைப் பற்றி எழுதியதைப் படியுங்கள்.

மாலை ஆறு மணி ஆனால் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எனக்கு அதுவே பயமாக இருக்கிறது.

நம் ஊரில் மாலையில்தான் தெரு விழிக்கும். பூக்கடை, தேநீர்க்கடை, கோயில் மணி, வாசலில் நின்று பேசும் பெண்கள். இங்கே வியாழன் தவிர மற்ற நாட்களில் பெரும்பாலான கடைகள் ஐந்தரை, ஆறு மணிக்குள் மூடிவிடும். புறநகர்த் தெருக்களில் கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். நகர மையத்தில்கூட 2014 முதல் 2020 வரை இரவு ஒன்றரை மணிக்குமேல் மதுக்கூடங்களில் புதிதாக யாரையும் அனுமதிக்கக் கூடாது என்ற விதி இருந்தது. குடிபோதைத் தாக்குதல்களைத் தடுக்க வந்த அந்த விதி இரவுப் பொழுதையே சுருக்கிவிட்டது என்று இந்த ஊர்க்காரர்களே வருந்தினார்கள்.

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அந்த வெறுமை உண்மையானது. ஹாரிஸ் பார்க், பரமட்டா, லிட்கம் போன்ற இடங்களில் மாலையிலும் உணவகங்களும் ஆட்களுமாக இருக்கும். வாரத்தில் ஒரு மாலை வேலை எதுவும் இல்லாமல் சும்மா அங்கே போய் நடந்துவிட்டு வாருங்கள்.

பத்து ஆண்டாக இங்கே இருக்கிறேன். நெருங்கிய நண்பர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. என்னிடம் என்ன குறை?

நண்பர்கள் கிடைக்காமல் போவதைவிட, கிடைத்தவர்கள் ஊரைவிட்டுப் போவதுதான் சிட்னியில் அதிகம். 2016க்கும் 2021க்கும் இடையே 30 முதல் 40 வயது வரையிலானவர்களில் ஏறத்தாழ 35,000 பேர் சிட்னிக்கு வந்தார்கள், 70,000 பேர் போய்விட்டார்கள் என்று இந்த மாநிலத்தின் உற்பத்தித்திறன் ஆணையம் 2024இல் சொன்னது. இப்படியே போனால் பேரக்குழந்தைகள் இல்லாத நகரமாகிவிடும் என்று எச்சரித்தது. பிள்ளைகளை ஒன்றாக வளர்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டால், அந்த இடத்தை நிரப்ப மறுபடி எத்தனை ஆண்டு!

தூரமும் இதில் சேர்கிறது. நண்பர் வீடு ஐம்பது நிமிட கார் பயணத்தில் இருந்தால் நினைத்தவுடன் போய் நிற்க முடியாது. மூன்று வாரத்துக்கு முன்பே நாள் குறிக்க வேண்டும். என் யோசனை எளியது. மனம் ஒத்த நண்பரைத் தேடுவதற்குமுன் நடந்துபோகும் தூரத்தில் ஒருவரைத் தேடுங்கள். பள்ளி வாசலில் தினமும் பார்க்கும் ஒரு தாய், நூலகத்தில் கதை நேரத்துக்கு வருபவர், மேஸ் ஹில் முருகன் கோயிலில் பிரசாதம் பரிமாறுவதற்குச் சேர்ந்து நிற்பவர். முதலில் அடிக்கடி பார்ப்பது, நெருக்கம் பின்னால் வரும்.

நல்ல வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் படுத்திருந்தால் குற்ற உணர்வாக இருக்கிறது. இது எனக்கு மட்டும்தானா?

இல்லை, இங்கேயே பிறந்தவர்களும் சொல்வதுதான். மழை நாளில் படுத்திருப்பவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வெயில் நாள் மட்டும் ஏதோ கட்டளை போடுகிறது: வெளியே போ, ஓடு, நீந்து, படம் எடுத்துப் போடு. வாரம் முழுவதும் உழைத்த உடம்பு ஓய்வைக் கேட்கும்போது, சன்னலுக்கு வெளியே பளீரென்று இருக்கும் வானம் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வைத்துவிடுகிறது. வெயில் நாளை மறுநாளும் வரும். திரையை இழுத்துவிட்டுத் தூங்குங்கள்.

கடற்கரைக்குப் போனால் மனம் இன்னும் கனத்துப்போகிறது. அதற்கு என்ன காரணம்?

ஆயிரம் பேர் மகிழ்ச்சியாக இருக்கும் இடத்தில் தன் துக்கம் இரட்டிப்பாகத் தெரியும். அங்கே தெரியும் வீடுகளின் விலையும், உடல்களும், சிரிப்பும் ஒப்பிடத் தூண்டுகின்றன. நீந்தத் தெரியாதவர்களுக்கும், புடவையோடு மணலில் நிற்கும் அம்மாக்களுக்கும் இது தங்கள் இடமில்லை என்ற உணர்வும் வரும்.

கடலை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. கூட்டம் கூடாத நேரத்தில் போங்கள். கடலே வேண்டாம் என்றால் பரமட்டாவிலிருந்து துறைமுகம் வரை ஆற்றில் படகு போகிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரை ஒரு நாள் முழுவதும் எத்தனை முறை ரயில், பஸ், படகு ஏறினாலும் ஏறத்தாழ பத்து டாலர்தான். அலையாத்திக் காடுகளை ஒட்டி அந்தப் படகு மெல்லப் போகும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

இவ்வளவு வெயிலில் இருந்தும் எனக்கு வைட்டமின் டி குறைவு என்று மருத்துவர் சொல்கிறார். சோர்வுக்கு அதுதான் காரணமா?

குறைவு என்பது ஆச்சரியமில்லை. ஆஸ்திரேலியப் பெரியவர்களில் நான்கைந்து பேரில் ஒருவருக்கு அது உண்டு. நம் நிறத்துக்குத் தோலில் வெயில் வேலை செய்யக் கூடுதல் நேரம் வேண்டும். நாமோ வீட்டிலிருந்து கார், காரிலிருந்து அலுவலகம் என்று போகிறோம். தோல் புற்றுநோய்க்குப் பயந்து உச்சி வெயிலைத் தவிர்க்கச் சொல்லும் நாடும் இது. மருத்துவர் தந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள். தைராய்டு, இரும்புச் சத்துப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். ஆனால் மாத்திரை ஒன்றே மனச்சோர்வைத் தீர்த்துவிடும் என்று நம்பி மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மா அப்பாவை ஆசையாக அழைத்து வந்தோம். ஒரு மாதத்திலேயே ஊருக்குப் போக வேண்டும் என்கிறார்கள். இங்கே அவர்களுக்கு என்ன குறை வைத்தோம்?

நீங்கள் எதுவும் குறை வைக்கவில்லை. காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அந்த வீடு எப்படி இருக்கும் என்று ஒரு நாள் விடுப்புப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். வாசலில் காய்கறிக்காரர் வர மாட்டார், தெருவில் யாரும் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்க மாட்டார்கள், கடைக்குப் போகக் கார் வேண்டும், பஸ் ஓட்டுநரிடம் பேச ஆங்கிலம் வேண்டும். ஊரில் நாலு பேருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்த அப்பா இங்கே அஞ்சல் பெட்டியைத் திறக்கவும் பேரனை எதிர்பார்க்கிறார்.

நிரந்தரமாக அழைக்கலாம் என்றால் அதுவும் லேசில்லை. பெற்றோர் விசாவில், ஒருவருக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல் கட்டும் வகைக்கே பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பணம் குறைந்த வகைக்கு முப்பது ஆண்டுக்கு மேல் சொல்கிறார்கள். இந்த நிச்சயமின்மை பிள்ளைகளையும் அரித்துக்கொண்டே இருக்கிறது. இருக்கும் நாட்களில், பிள்ளைகள் இல்லாமல் தனியாகப் போய்வர ஒரு இடத்தைப் பழக்குங்கள். நடந்துபோகும் தூரத்தில் நூலகமோ, முதியோர் கூடும் மன்றமோ, கோயிலுக்கு ஒரே பஸ்ஸோ இருந்தால் போதும். முதல் இரண்டு முறை கூடப் போய்வாருங்கள். மூன்றாவது முறை அப்பா தனியாகப் போய்வந்த அன்று இரவு அவர் பேச்சைக் கேளுங்கள்.

ஊருக்குப் பேசும்போதெல்லாம் ‘நன்றாக இருக்கிறோம்’ என்றே சொல்கிறேன். போனை வைத்த பிறகு அழுகை வருகிறது.

இரவு எட்டரை மணிக்கு நீங்கள் ஓய்ந்து உட்காரும்போது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோடையானால் பிற்பகல் மூன்று, குளிர்காலமானால் நான்கு. அவர்கள் உற்சாகமாகக் கேட்கும் நேரம் உங்களுக்குத் தெம்பில்லாத நேரம். அனுப்பிய படங்களும் துறைமுகத்தின் முன் எடுத்தவைதான். உங்கள் கஷ்டத்தைச் சொன்னால் அனுப்பி வைத்தவர்கள் மனம் உடைந்துவிடுமே என்று பயப்படுகிறீர்கள்.

எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். ஒருவரிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகுங்கள். அக்காவோ, கல்லூரித் தோழியோ. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலை அவர்களுக்கும் சொல்லலாம்.

நான் படகில் வந்தவன். இன்னும் நிரந்தர விசா இல்லை. எனக்கும் இதே பதில்கள்தானா?

இல்லை அண்ணா. உங்கள் நிலையை வீட்டு விலையோடும் சுங்கச் சாலையோடும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 2023 பிப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தார்கள். அவசர நடைமுறையில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, இடைக்கால விசாவிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்பவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. பிள்ளையை விட்டுவந்து பத்தாண்டுக்கு மேல் முகம் பார்க்காதவருக்கு வெயில் நாளும் மழை நாளும் ஒன்றுதான். அதை ஊரின் சோர்வு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். நாளைக்கு என்ன என்று தெரியாமல் வைத்திருப்பதால் வரும் காயம் அது. அகதிகளுக்கான இலவசச் சட்ட உதவியும், சித்திரவதையும் போரும் கண்டவர்களுக்கான சிறப்பு ஆலோசனைச் சேவையும் சிட்னியில் உண்டு. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

மெல்பர்னுக்கோ அடிலெய்டுக்கோ போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

கானமன் ஆய்வை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து பார்க்கும்போது அடிலெய்டில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது வீட்டு விலை மட்டும். அங்கே போன பிறகு வேலை, பிள்ளையின் புதுப் பள்ளி, மறுபடி முதலிலிருந்து தேட வேண்டிய நண்பர்கள் எல்லாம் தெரியத் தொடங்கும்.

ஆனாலும் போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். உங்கள் சோர்வுக்குக் காரணம் கடனும் பயணமும்தான் என்றால், இரண்டும் குறையும் ஊருக்குப் போவது நல்ல முடிவு. போய் நிம்மதியானவர்களை எனக்குத் தெரியும். தனிமைதான் காரணம் என்றால் அது உங்களோடு காரில் ஏறி வரும். காரணம் தெரியாமல் எதுவும் பிடிக்கவில்லை என்றால், வீட்டை விற்பதற்குமுன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

இது ஊரால் வந்த சோர்வா, நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காரணம் எதுவாக இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருந்தாலோ, பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனாலோ, தூக்கமும் பசியும் மாறிப்போனாலோ குடும்ப மருத்துவரைப் பாருங்கள். வாடகைக் கவலையால் வந்த மனச்சோர்வும் மனச்சோர்வுதான். அதற்கும் சிகிச்சை உண்டு. ‘மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதித் தாருங்கள், கொஞ்சம் நீண்ட நேரம் வேண்டும்’ என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அந்தத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்குப் பத்து முறை வரை உளவியலாளரைப் பார்க்க மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு பணம் தரும். மிச்சத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கலாம், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் பேச வேண்டும் என்றால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். லைஃப்லைன் என்ற தொலைபேசி உதவிச் சேவையின் எண் 13 11 14, இரவு பகல் எந்நேரமும். உடனடி ஆபத்து என்றால் 000. அந்த லைஃப்லைன் பிறந்ததே இந்தச் சிட்னியில்தான். துயரத்தில் தொலைபேசியில் அழைத்த ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் போன வேதனையில் ஆலன் வாக்கர் என்ற பாதிரியார் 1963இல் அதைத் தொடங்கினார். இந்த அழகான ஊருக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மனநலத்துக்காக மருத்துவரிடம் போனால் விசாவுக்குப் பாதிப்பு வருமா? நம் ஆட்களுக்குத் தெரிந்துவிடுமா?

நீங்கள் சொல்வதை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். கணவனிடமோ மனைவியிடமோகூட உங்கள் சம்மதமின்றிச் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள்தான் விதிவிலக்கு. தமிழ் மருத்துவரிடம் போகக் கூச்சமாக இருந்தால் வேறொருவரிடம் போங்கள். குடியுரிமை, நிரந்தர விசா உள்ளவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் சந்தேகம் இருந்தால் பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் கேளுங்கள், தெரிந்தவர் சொன்னதைக் கேட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். லைஃப்லைனில் பேரும் சொல்ல வேண்டாம், விசாவும் கேட்க மாட்டார்கள்.

தோழி ஒருத்தி இப்படி இருக்கிறாள். ‘பீச்சுக்குப் போய்வா, எல்லாம் சரியாகிவிடும்’ என்றேன். அதன் பிறகு என்னிடம் பேசுவதில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் அவள் காதில் அது ‘இவ்வளவு இருந்தும் உனக்கு என்ன’ என்று விழுந்திருக்கும். இனி கேட்பதாக இருந்தால் அவளுடைய அன்றாடத்தைப் பற்றிக் கேளுங்கள். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்? இந்த வாரம் வீட்டுக்கு வெளியே யாரிடம் பேசினாய்? வாடகை ஏற்றிவிட்டார்களா? அவள் சொல்லும்போது குறுக்கே யோசனை சொல்லாதீர்கள்.

பிறகு கையால் ஏதாவது செய்யுங்கள். அடுத்த சனிக்கிழமை அவள் வீடு பார்க்கப் போகும்போது குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரம் சாம்பார் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்காராமல் திரும்பி வாருங்கள். மருத்துவரிடம் போக வேண்டும் என்று அவளே சொன்னால், காரில் கூட்டிக்கொண்டு போய்க் காத்திருப்பு அறையில் உட்காருங்கள். இப்போது அவள் பேசாவிட்டாலும் நாளைக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், பதில் வேண்டாம் என்று எழுதியே அனுப்புங்கள்.